யாரா இருந்தாலும் சரின்னவருக்கு யாருமே வரல

வீட்டுக்காரர் வாயால சொல்றது ஒண்ணு, மனசுல நினைக்கிறது ஒண்ணு, கம்ப்யூட்டர் புரிஞ்சுக்கிறது ஒண்ணு. இந்த மூணுக்கும் நடுவுல நின்னு மூணு பக்கமும் திட்டு வாங்கறதுதாங்க நம்ம தொழில். போன்ல ஒரு கஸ்டமர் "ஹலோ"ன்னு இழுத்த உடனே உங்களுக்குப் போனை வச்சுட்டு ஓடிடலாமான்னு தோணுதா? அப்ப வாங்க, பக்கத்துல உக்காருங்க. நீங்க நம்ம ஆளு. உங்ககிட்ட சொல்லாம வேற யார்கிட்ட சொல்றது?

லைப்ரரிதான், ஆனா புக்கு கிடையாது

நான் முன்னாடி ஃபேரர் பார்க் பக்கத்துல ஒரு காப்பிக்கடைல ட்ரிங்க்ஸ் ஆர்டர் எடுத்துக்கிட்டு இருந்தேன். படிப்பு நமக்கு எட்டாத தூரம். ஆனா வாய் மட்டும் எட்டு ஊருக்குக் கேக்கும். யார் எப்படி ஆர்டர் சொல்றாங்களோ அதே குரல்ல உள்ள கத்துவேன். சீனத் தாத்தா சொன்னா சீனத் தாத்தா குரல், மலாய்க்கார அத்தை, அதாங்க மக்சிக், சொன்னா மக்சிக் குரல். அந்தக் கடைக்கு மேல் மாடிலதான் தர்ஷினி அக்கா ஆபீஸ். யாழ்ப்பாணத்துலேர்ந்து படிக்க வந்தவங்க, கிளமெண்டி பக்கம் படிச்சு முடிச்சு இங்கயே ஒரு குட்டி கம்பெனி போட்டுட்டாங்க. ஒரு நாள் கீழ வந்து என்னையே பாத்துக்கிட்டு நின்னாங்க. "கோப்பி எண்டால் பாலும் சீனியும். 'ஓ' சேர்த்தால் பால் இல்லை. 'கோசோங்' சேர்த்தால் சீனியும் இல்லை. ஒவ்வொரு சொல்லாச் சேர்த்துக் கட்டுறாய் என்ன? நான் மேல செய்யிறதும் இதுதான்"ன்னாங்க. எனக்கு ஒண்ணும் புரியல. ஆனா ஏசி ரூம்னு மட்டும் புரிஞ்சுது. ஏப்ரனைக் கழட்டிட்டு ஏறிட்டேன்.

அக்கா எழுதறதுக்குப் பேரு லைப்ரரி. மத்த சாஃப்ட்வேர்காரங்க எடுத்து தங்களோட ஆப்புக்குள்ள சொருகிக்கலாம். கண்டிஷனை ஒவ்வொண்ணா குடுத்தா போதும், அது எல்லாத்தையும் சேத்து ஒரு பெரிய ரூலா கட்டிக் குடுத்துடும். அதுக்குத் தெரிஞ்சது மூணே வார்த்தை. அண்ட்னா எல்லாமே வேணும். ஆர்னா ஏதாவது ஒண்ணு போதும். நாட்னா கூடாது. அவ்வளவுதான்! இதைக் கேட்ட உடனே எனக்கு ஒரே குஷி. இவ்வளவுதானா கம்ப்யூட்டரு, இதுக்கா இத்தனை பேரு கண்ணாடி போட்டுட்டு அலையறாங்கன்னு தோணுச்சு. ஆனா மொத நாளு அது தெரியுமா எனக்கு? லைப்ரரின்னு சொன்னாங்களேன்னு சட்டையை உள்ள விட்டுக்கிட்டு, அடிமேல அடிவச்சு நடந்து, அக்கா காதுகிட்ட போய் குசுகுசுன்னு "புக்கெல்லாம் எங்கக்கா இருக்கு?"ன்னு கேட்டேன். அக்காவும் என் காதுகிட்ட குனிஞ்சு அதே குசுகுசுலயே சொன்னாங்க.

"தம்பி, இது வேற லைப்ரரி. இங்க நீ சத்தம் போடலாம்."

மகள் போட்ட கெடு

எங்களோட முதல் கஸ்டமர், அப்ப ஒரே கஸ்டமர், பஷீர் பாய். லிட்டில் இந்தியால ரூம் ஏஜென்ட். வாடகைக்கு ரூம் விடறவங்க ஒரு பக்கம், ரூம் தேடறவங்க ஒரு பக்கம், நடுவுல பாய், பாய் கையில மூணு போன். வீட்டுக்காரங்க எப்படி ஆளு வேணும்னு சொல்வாங்க, நான் கேட்டு டைப் பண்ணுவேன், லைப்ரரி ரூல் கட்டும், அந்த ரூல்ல யாரு பாஸாகறாங்களோ அவங்களுக்கு மட்டும் வீட்டு விவரம் மெசேஜா போகும். சுத்தமான ஏற்பாடு.

அப்படி வந்தவர்தான் சேவியர் அங்கிள். செம்பவாங் கப்பல் பட்டறைல கிரேன் ஓட்டி ரிட்டயர்ட் ஆனவரு. மனைவி தவறிட்டாங்க, தனியா இருக்காரு. போன மாசம் பாத்ரூம்ல வழுக்கி விழுந்து, எந்திரிக்க முடியாம, பக்கத்து வீட்டுக்காரர் வந்து பாக்கற வரைக்கும் அப்படியே கிடந்திருக்காரு. பெர்த்துல இருக்கிற மகள் ஸ்டெல்லாவுக்கு விஷயம் தெரிஞ்சு போச்சு. "எந்த நேரமும் வீட்ல யாராச்சும் ஒருத்தர் இருக்கணும். நான் லீவுக்கு வரும்போது ஆள் இல்லன்னா, உங்களைக் கையோட இங்க கூட்டிட்டு வந்துடுவேன்"னு கெடு வச்சிருச்சு. அங்கிளுக்கு செம்பவாங்கை விட்டா உலகமே கிடையாது. காலைல பரோட்டாக் கடை கூட்டாளிங்க, சாயங்காலம் படகுத்துறைல தூண்டில். "பெர்த்துல போயி நான் யார்கூட பேசறது? கங்காருகூடவா?"ன்னு கேட்டாரு. வாடகையெல்லாம் அவருக்குப் பெருசில்ல. ஆளு வந்தா போதும். யாரெல்லாம் வரலாம்னு ஸ்கிரீன்ல ஒரு பெட்டி இருக்கு, அதுல எந்த மாதிரி ஆளுன்னு போடணும்னு நான் ஒவ்வொண்ணா கேட்டேன். படிக்கிறவங்களா, வேலைக்குப் போறவங்களா, குடும்பமா, சமைக்கலாமா, சிகரெட் பரவால்லையா? கிரேன் மேலேர்ந்து கீழ இருக்கிறவனைக் கூப்பிடற மாதிரி காது கிழிய ஒரே பதில்:

"யாரா இருந்தாலும் சரி தம்பி! ஒண்ணும் போடாத! பெட்டியைக் காலியா விட்டுடு, அப்பதான் நிறைய பேரு வருவாங்க!"

டீ இல்ல காப்பி

நான் டைப் பண்ற வேகத்தைப் பாத்து அக்காவுக்குப் பரிதாபம் வந்துடுச்சு. "இங்கிலீஷுல மாத்தி மாத்தி அடிக்காத. ஆக்கள் சொல்லுற தமிழை அப்பிடியே போடு, நான் லைப்ரரிக்குப் பழக்குறன்"னாங்க. ரெண்டு வார்த்தைக்குப் பின்னாடி 'உம்' வந்தா அண்ட், 'இல்ல' வந்தா நாட். எனக்கு சந்தோஷம் தாங்கல. தமிழ் புரியற கம்ப்யூட்டரு! கீழ போய் காப்பிக்கடை முழுக்க சொல்லிட்டு வந்தேன்.

அன்னிக்கே மிஸஸ் பிள்ளைன்னு ஒரு அம்மா ரூம் விட வந்தாங்க. "லேடீஸ் இல்ல கப்பிள். அவ்வளவுதான்பா"ன்னாங்க. அப்படியே அடிச்சேன். லைப்ரரி சமத்தா வாசிச்சுச்சு: லேடீஸ், இல்ல. நாட். அப்புறம் கப்பிள். ஆக, பொம்பளைங்க கூடாது, ஜோடிதான் வேணும். ரூமுக்காக ஏங்கிக்கிட்டு இருந்த நர்ஸ் பொண்ணுங்க ஒருத்திக்கும் மெசேஜ் போகல. கல்யாணம் ஆகி ஈரம் காயாத ஜோடிங்களா வந்து நிக்குது, ஒண்ணு கிட்டாரோட. அந்தம்மா மறுநாள் போன் போட்டாங்க. நான் "மேடம், நீங்கதானே லேடீஸ் இல்லன்னு சொன்னீங்க"ன்னு ரொம்ப மரியாதையா கேட்டேன். அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு, அப்புறம் இது:

"ஏம்ப்பா, 'டீ இல்ல காப்பி ஏதாவது ஒண்ணு குடு'ன்னா நீ டீயைக் கொட்டிட்டா வருவ?"

ரெண்டும் பண்ணக் கூடாதுன்னா?

கிளமெண்டில சுந்தரம் சார்னு ஒருத்தர். பேசினா ஒவ்வொரு வார்த்தையும் இஸ்திரி போட்டு மடிச்சு வச்ச மாதிரி வரும். "சிகரெட்டும்... தண்ணியும்... கூடாது." முற்றுப்புள்ளி. அதுக்கு மேல பேச்சில்ல. எனக்குப் பிடிச்சுப் போச்சு இந்த மாதிரி கஸ்டமரை. டைப் பண்ணி அனுப்பிட்டு, அக்காகிட்ட அவர் மாதிரியே பேசிக் காமிச்சு, பாராட்டும் வாங்கிட்டேன்.

சனிக்கிழமை ரூம் பாக்க ரெண்டு பேரு வந்திருக்காங்க. ஒருத்தன் பையில பீர் கேன் கலகலன்னு சத்தம். இன்னொருத்தன் காதுல சிகரெட்டைச் சொருகிட்டு வந்து நிக்கிறான். சார் எனக்கு வீடியோ கால் போட்டாரு. கேமராவுல அவர் மூக்கு மட்டும்தான் தெரியுது, அதுவும் துடிக்குது. பின்னாடி பீர் பார்ட்டி சத்தியம் பண்றான்: "சார், நான் சிகரெட்டைக் கையால தொட்டது கிடையாது!" சிகரெட் பார்ட்டியும் விடல: "நான் தண்ணி வாசமே அறியாதவன் சார்!" அக்கா ஓடி வந்து ஸ்கிரீனைப் பாத்துட்டு நெத்தியில அடிச்சுக்கிட்டாங்க. லைப்ரரி 'உம்'முக்கு 'உம்' அண்ட் போட்டு ஒட்டிட்டு, மொத்தத்துக்கும் வெளில ஒரு நாட் மாட்டியிருக்கு. ரெண்டையும் சேத்துப் பண்றவன்தான் கூடாது. ஒண்ணு மட்டும் பண்றவன் தாராளமா வரலாம். நான் இதை சுந்தரம் சாருக்கு விளக்கினேன் பாருங்க, என்னை நானே தட்டிக் குடுத்துக்கணும், அவ்வளவு தெளிவு. முழுசாக் கேட்டாரு. கேட்டுட்டு நிதானமா கேள்வி கேட்டாரு:

"அப்போ... இவங்க ரெண்டு பேரையும்... ஒரே ரூம்ல விட்டா... உங்க சட்டப்படி வெளியே அனுப்பிடலாமா?"

கேன் ஆர் நாட்

இதுக்கு நான் பொறுப்பில்ல, முதல்லயே சொல்லிடறேன். பஷீர் பாய் தானே டைப் பண்றேன்னு கிளம்பினாரு. சிராங்கூன் ரோடு பக்கம் ஒரு சுத்த சைவ வீடு. குடி வர்றவங்க சமைக்கலாமா கூடாதான்னு அந்த வீட்டம்மாவுக்கே ஒரு முடிவு இல்ல, ஆளைப் பாத்துட்டு சொல்றேன்னிருக்காங்க. பாய் கண்டிஷன் பெட்டில போட்டாரு: "குக்கிங் கேன் ஆர் நாட்". லைப்ரரிக்கு கேள்விக்குறியெல்லாம் தெரியாது. சமைக்கிறவன் வரலாம், ஆர், சமைக்காதவன் வரலாம். உலகத்துல இந்த ரெண்டுல அடங்காத மனுஷன் யாராச்சும் உண்டா சொல்லுங்க!

முதல்ல வந்து இறங்கினவரு ஒரு ஹோட்டல் குக்கு. நல்ல மனுஷன், வெறுங்கையோட வரக்கூடாதுன்னு ஒரு பொட்டலம் பெலாச்சான், அதாங்க ஊரைக் கூட்டற வாசத்தோட இருக்கிற இறால் விழுது, கொண்டு வந்து, அதை எப்படி வறுக்கணும்னும் அந்த வீட்டுக் கூடத்துல நின்னு சொல்லியிருக்காரு. வீட்டம்மா ஜன்னல் எல்லாம் திறந்து வச்சுட்டு, பாயைக் கூப்பிட்டு வறுத்துட்டாங்க. பாய் நேரா எங்க ஆபீஸுக்கு வந்தாரு. நான் அவர் மாதிரியே தாடியைத் தடவிக்கிட்டு நின்னதைக்கூட கவனிக்கல.

"என்னா லா தம்பி, இந்த ஊர்ல பாதிப் பேச்சு 'கேன் ஆர் நாட்'தான். அது புரியலன்னா உங்க லைப்ரரி இன்னும் டூரிஸ்ட் விசாலதான் இருக்கு!"

யாராச்சும்?

இத்தனை கூத்துக்கும் நடுவுல தினம் காலைல ஒரு போன். "ஹலோ! ஹலோ! கேக்குதா! யாராச்சும்?" சேவியர் அங்கிள். மத்தவங்களுக்கெல்லாம் தப்பான ஆளாவது வந்துச்சு, இவருக்குத் தப்பான ஆள்கூட வரல. செம்பவாங்னா தூரம்னு யோசிக்கிறாங்க போலன்னு நான் நினைச்சுக்கிட்டேன். ரூமுக்கு பெயின்ட் அடிங்கன்னேன், அடிச்சாரு. நல்ல போட்டோ அனுப்புங்கன்னேன், கையில பெரிய மீனோட அவரே நிக்கிற போட்டோவை அனுப்பினாரு. ரூம் எங்க அங்கிள்னா, பின்னாடி கதவு தெரியுதுல்லன்னாரு. அப்புறம் ஒரு காலைல குரல் இறங்கிப் போச்சு. எனக்கு முதல் தடவையா போனைக் காதுகிட்ட ஒட்டி வச்சுக்க வேண்டியிருந்துச்சு. "ஸ்டெல்லா டிக்கெட் போட்டுருச்சு தம்பி. வர்ற ஞாயித்துக்கிழமை வருது. எனக்கும் சேத்து திரும்பற டிக்கெட் பாத்து வச்சிருக்காம்."

போனை வச்சுட்டு எனக்கு மனசு ஒரு மாதிரி ஆயிடுச்சு. நமக்கு மனசு சரியில்லன்னா என்ன பண்ணுவோம்? யாரையாவது மிமிக்ரி பண்ணுவோம். அக்கா முன்னாடி போய் நின்னு, நெஞ்சை நிமித்தி, அங்கிள் குரல்ல, "யாரா இருந்தாலும் சரி தம்பி! ஒண்ணும் போடாத! பெட்டியைக் காலியா விட்டுடு!"ன்னு கத்தினேன். அக்கா சிரிச்சாங்க. சிரிச்சுக்கிட்டே இருந்தவங்க டக்குனு நின்னுட்டாங்க. "திருப்பிச் சொல்லு." சொன்னேன். "காலியா விட்டவரோ?" ஆமாக்கா. "ஒண்டுமே போடேல்லையோ?" ஒண்ணுமே போடல. அக்கா கம்ப்யூட்டர்கிட்ட பாஞ்சாங்க. யாரெல்லாம் வரலாம்ங்கிற பெட்டில இருக்கறதை எல்லாம் லைப்ரரி 'ஆர்' போட்டுத்தான் கோக்கும். இதுல ஏதாவது ஒண்ணு பொருந்தினா உள்ள விடு, இல்லன்னா விடாத. பெட்டில ஒண்ணுமே இல்லன்னா? பொருந்தறதுக்கு எதுவும் இல்லையே! அப்ப ஒருத்தனையும் விடாது. எல்லாருக்கும் கதவைத் திறந்து வச்சவரு வீட்டு வாசல்ல எங்க லைப்ரரி குறுக்க நின்னு அத்தனை பேரையும் திருப்பி அனுப்பிக்கிட்டு இருந்திருக்கு! அக்கா ரெண்டு கையாலயும் தலையைப் பிடிச்சுக்கிட்டாங்க.

"ஐயோ தம்பி, அந்த மனுசன் ஊருக்கே ஓம் எண்டவர். நான் எழுதினது அதை இல்லை எண்டு வாசிச்சுப்போட்டுது."

என்ன கியூன்னு தெரியாது

அக்கா அப்பவே உக்காந்து சரி பண்ணாங்க. இனிமே பெட்டி காலின்னா எல்லாரும் வரலாம். ரொம்ப நியாயம். நான் கைதட்டினேன், அக்கா பட்டனைத் தட்டினாங்க, மெசேஜ் போச்சு: ஞாயிறு காலைல வந்து ரூம் பாக்கலாம், செம்பவாங், இந்த ப்ளாக்கு, இந்த மாடி. கொஞ்ச நேரத்துல பாய்கிட்டேர்ந்து போன். மூணு போன்ல எதுலேர்ந்து பேசறாருன்னு தெரியல, மீதி ரெண்டும் பின்னாடி அடிச்சுக்கிட்டே இருக்கு. "தம்பி, என்கிட்ட ரூம் கேட்ட அத்தனை பேருக்கும் போயிருக்குப்பா!" எல்லாருமேன்னா எல்லாருமேதானே. லைப்ரரி சொன்னதைச் செஞ்சிருக்கு, இந்தத் தடவை அதுமேல தப்பே சொல்ல முடியாது.

ஞாயித்துக்கிழமை நானும் அக்காவும் போறப்போ கியூ லிஃப்டுலேர்ந்து ஆரம்பிச்சு, சைக்கிள் ஸ்டாண்டைத் தாண்டி, விளையாட்டுத் திடல்ல ஒரு சுத்து சுத்தி நிக்குது. ஸ்டூடண்ட்ஸ், கப்பிள், நர்ஸ் பொண்ணுங்க, காதுல சிகரெட் சொருகினவன், பெலாச்சான் குக்கு, எல்லாரும் ஆஜர். நடுவுல ஒரு ஆன்ட்டி, அதே ப்ளாக்குதான், சொந்த வீடு. "நீங்களுமா ரூம் தேடறீங்க?"ன்னேன். "கியூ நீளமா இருந்துச்சு, ஏதோ நல்லதா குடுக்கறாங்கன்னு நின்னேன்"னாங்க. அக்கா விழுந்து விழுந்து சிரிக்கிறாங்க. எனக்கு சிரிப்பு வரல, ஏன்னா அப்பதான் ஏர்போர்ட் டாக்சி ஒண்ணு வந்து நிக்குது. பெரிய பெட்டியை இழுத்துக்கிட்டு ஒரு பொண்ணு இறங்குது. கூட்டத்தைப் பாத்ததும் முகமெல்லாம் வெளுத்துப் போச்சு. அப்பாவுக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு நினைச்சிருக்கு பாவம். பெட்டியைத் தூக்கிக்கிட்டு லிஃப்டுக்கு ஓடுச்சு. முன்னாடி நின்ன ஒரு பெரியவர் கையை நீட்டி மறிச்சாரு.

"ஹேய் ஹேய், எங்கம்மா போற? பெட்டியோட வந்தா மட்டும் ரூம் உனக்கா? போய் பின்னாடி நில்லு!"

இவரா, அவரா?

எப்படியோ பெட்டியை நான் சுமந்து, ஸ்டெல்லாவைப் படிக்கட்டு வழியா மேல ஏத்திக் கூட்டிட்டுப் போனேன். வீட்டுக்குள்ள பாத்தா, அங்கிள் கூடத்துல நடுநாயகமா உக்காந்து வந்தவங்களுக்கெல்லாம் டீ ஆத்திக் குடுத்து, மீன் பிடிச்ச கதை சொல்லிக்கிட்டு இருக்காரு. "ஸ்டெல்லா! வந்துட்டியா! பாத்தியா, ஆளு!" அவருக்கு வந்த எல்லாரையும் பிடிச்சுப் போச்சு. யாரை வச்சுக்கிறதுன்னா, "எல்லாரும் நல்லவங்களாத்தான் தெரியறாங்க"ங்கறாரு. பொண்ணு அப்பாவைக் கட்டிப்பிடிச்சு முடிச்ச கையோட நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காந்துருச்சு. ஒவ்வொருத்தர்கிட்டயும் ஒரே கேள்வி: "பகல்ல வீட்ல இருப்பீங்களா? ராத்திரி வீட்ல இருப்பீங்களா?" ராத்திரி இருப்பேன், பகல்ல வேலை. அடுத்து. பகல்ல இருப்பேன், ராத்திரி ஷிப்டு. அடுத்து. கிளாஸு, பார்ட் டைமு, ஓவர் டைமு. அடுத்து, அடுத்து. கூட்டம் கரையுது. அங்கிள் டீ ஆத்தற வேகம் குறையுது. ரெண்டு நேரமும் வீட்ல இருக்கிறவன் இந்த ஊர்ல எவன் இருக்கான் சொல்லுங்க? ஸ்டெல்லா மெதுவா, "அப்பா, நான் சொன்னேன்ல"ன்னு ஆரம்பிச்சுது. அங்கிள் டீ கிளாஸைக் கீழ வச்சாரு. கிரேன் மேல அத்தனை வருஷம் நிமிந்து உக்காந்த மனுஷன், அப்படியே குனிஞ்சு தரையைப் பாக்கறாரு. எனக்கு அப்ப மிமிக்ரி எதுவும் வரல.

அக்காதான் எந்திரிச்சாங்க. கதவுகிட்ட ரெண்டு பேரு செருப்பை மாட்டிக்கிட்டு இருந்தாங்க. ஒருத்தரு முத்தையா, ஒரு காண்டோ அப்பார்ட்மெண்ட்ல ராத்திரி செக்யூரிட்டி. இன்னொருத்தரு ஆரிஃப், பகல்ல லிஃப்டு ரிப்பேர் வேலை. அக்கா ரெண்டு பேர் கையையும் பிடிச்சு உள்ள இழுத்துட்டு வந்தாங்க. "ஸ்டெல்லா, நீங்க கேட்டது ஒரே ஆள் எந்த நேரமும் இருக்க வேணும் எண்டோ? எந்த நேரமும் யாராவது ஒராள் இருக்க வேணும் எண்டோ?" பொண்ணு முகத்துல கணக்கு ஓடறது தெரியுது. முத்தையா டூட்டி முடிஞ்சு வந்த அப்புறம்தான் ஆரிஃப் கிளம்பணும், ஆரிஃப் வந்த அப்புறம்தான் முத்தையா கிளம்பணும். ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்தாங்க. எனக்கு ஓகேன்னாரு முத்தையா. எனக்கும் ஓகே, ஆனா குறட்டை விடக்கூடாதுன்னாரு ஆரிஃப். நான் தூங்கறப்போ நீதான் வீட்லயே இருக்க மாட்டியேப்பான்னாரு முத்தையா. நான் சந்தோஷத்துல குதிச்ச குதில கீழ்வீட்டுக்காரர் துடைப்பத்தால மேல இடிச்சாரு. அங்கிளுக்குக் குரல் திரும்ப வந்துருச்சு, "ஹலோ! டீ! எல்லாருக்கும் டீ!" இந்த அமளில ஸ்டெல்லாவுக்கு யாரு யாருன்னே பிடிபடல. ரெண்டு பேரையும் மாறி மாறிக் காமிச்சு, "அப்பா, கடைசியா சொல்லுங்க, வீட்ல உங்களோட இருக்கப் போறது இவரா, அவரா?"ன்னு கேட்டுச்சு. அங்கிள் டீயை ஒரு ஆத்து ஆத்தி மகள் கையில குடுத்து, எங்க லைப்ரரியோட 'ஆர்' மாதிரியே பதில் சொன்னாரு.

"ஆமாம்மா."

கம்ப்யூட்டருக்கு லாஜிக் சொல்லிக் குடுக்கிறது அரை நாள் வேலைங்க, மீதி நாள் பூரா மனுஷங்ககிட்ட போய் "சாரி, அது நீங்க சொன்னதைத்தான் கேட்டுச்சு"ன்னு சொல்லிட்டுத் திரியறதுக்குத்தான் எனக்கு சம்பளம்.